சான் புரூனோ 2010: பதிவேட்டில் இருந்த குழாயும் மண்ணில் இருந்த குழாயும்

கலிபோர்னியாவில் மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் பிஜி அண்ட் ஈ கம்பெனியின் பதிவேட்டைப் புரட்டினால் 132-ஆம் எண் எரிவாயுக் குழாயின் 180-ஆம் பகுதியில் எந்தக் குறையும் தெரியாது. 30 அங்குல விட்டம், 0.375 அங்குலத் தடிமன், சீம்லெஸ் பைப். அதாவது நீளவாட்டில் வெல்டிங்கே இல்லாத குழாய், வெல்டிங் இல்லை என்றால் வெல்டிங் விட்டுப்போகும் என்ற பயமும் இல்லை. ஒரே ஒரு சிக்கல்தான். அந்தக் குழாயைப் பதித்த காலத்தில் 30 அங்குல விட்டத்தில் சீம்லெஸ் பைப் செய்யும் தகுதி பெற்ற ஆலை அமெரிக்காவில் ஒன்றுகூட கிடையாது. பதிவேட்டில் இருந்தது நாட்டில் தகுதி பெற்ற எந்த ஆலையும் செய்யாத ஒரு பைப். அதைப் படித்த கம்பெனி ஆட்களுக்கும் சந்தேகம் வரவில்லை, கம்பெனியைக் கண்காணிக்க வேண்டிய அரசு ஆணையத்துக்கும் வரவில்லை.

2010 செப்டம்பர் 9, மாலை 6:11. கலிபோர்னியாவின் சான் புரூனோ, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை ஒட்டிய சின்ன ஊர். அங்கே ஒரு குடியிருப்புப் பகுதியில், ஏர்ல் அவென்யூவும் கிளென்வியூ டிரைவும் சந்திக்கும் இடத்தில் இந்தக் குழாய் வெடித்தது. 28 அடி நீளமும் சுமார் 3,000 பவுண்டு எடையும் உள்ள குழாய்த் துண்டு ஒன்று மண்ணிலிருந்து பிய்த்துக்கொண்டு 100 அடி தள்ளிப் போய் விழுந்தது. 72 அடி நீளம், 26 அடி அகலத்துக்குப் பள்ளம். 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன, இன்னும் 70 வீடுகளுக்குச் சேதம். விமான நிலையம் பக்கத்திலேயே இருந்ததால் ஏதோ விமானம்தான் விழுந்துவிட்டது என்று பலரும் முதலில் நினைத்தார்கள். தீயணைப்பு வண்டிகள் சீக்கிரமே வந்துவிட்டன, ஆனால் வெடிப்பில் குடிநீர்க் குழாயும் உடைந்து போயிருந்ததால் தெருவோர ஹைட்ரண்டில் தண்ணீர் வரவில்லை.

இறந்தவர்களில் ஒருவர் கலிபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையத்திலேயே, நுகர்வோர் தரப்புக்காக வேலை பார்த்தவர். தன் 13 வயது மகளோடு வீட்டில் இருந்தபோது இருவரும் இறந்தார்கள். பிஜி அண்ட் ஈ-யைக் கண்காணிக்கும் ஆணையம் அதேதான்.

அன்று மாலை என்ன நடந்தது என்பது அவ்வளவு சிக்கலான கதை இல்லை. 132-ஆம் குழாய் மில்பிட்டாஸ் நகரத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை சுமார் 46 மைல் ஓடுகிறது. (மில்பிட்டாஸ் என்றதும் இதைப் படிக்கும் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர் யாராவது ஞாபகத்துக்கு வருவார்கள். அங்கே மாதாமாதம் இந்தக் கம்பெனிக்கு பில் கட்டும் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.) அந்த மில்பிட்டாஸ் முனையத்தில் அன்று மதியம் யுபிஎஸ் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. இடையில் மின்சாரம் தடுமாறியதில் அழுத்த மானிகளிலிருந்து தப்பான சிக்னல் போனது, அழுத்தம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டு வால்வுகள் முழுசாகத் திறந்துகொண்டன. சான் புரூனோவில் அழுத்தம் 386 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) வரை ஏறியது. இங்கேதான் கவனிக்க வேண்டும்: அந்தக் குழாய்க்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அழுத்தம் 400 பிஎஸ்ஐ. அதாவது குழாய் தன் வரம்புக்கு உள்ளேயே இருந்தபோது வெடித்தது. வரம்பே தப்பு.

வெடித்த பிறகு எரிவாயுவை நிறுத்த 95 நிமிடம் ஆனது. தொலைவிலிருந்து மூடக்கூடிய வால்வும் இல்லை, அழுத்தம் விழுந்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வும் இல்லை. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை ஒலிகள் வரிசையாக வந்தும், எந்தக் குழாய் எங்கே போனது என்று அவர்கள் புரிந்துகொள்வதற்குள் பொன்னான நேரம் ஓடிவிட்டது. கடைசியில் வால்வை மூடியது யார் தெரியுமா? டிவியில் செய்தி பார்த்துவிட்டு, அது நம்ம குழாய் போகிற பக்கமாச்சே என்று தாங்களாகவே யார்டுக்குக் கிளம்பிப் போன மெக்கானிக்குகள். ஒரு பக்க வால்வை 7:30-க்கும் மறுபக்கத்தை 7:46-க்கும் கையால் சுற்றி மூடினார்கள். அதுவரை ஒரு முழுக் குடியிருப்பு எரிந்துகொண்டே இருந்தது.

இப்போது மண்ணில் இருந்த குழாய்க்கு வருவோம். 132-ஆம் குழாய் 1948-ல் போட்டது. அந்தப் பகுதியில் வீட்டு மனைகள் வந்தபோது, 1956-ல், சுமார் 1,850 அடிக்கு அதைத் தோண்டி இடம் மாற்றிப் பதித்தார்கள். அதுதான் 180-ஆம் பகுதி. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், சுருக்கமாக என்டிஎஸ்பி, வெடித்த துண்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது அது ஒரே பைப்பாகவே இல்லை. ஒவ்வொன்றும் சுமார் நான்கு அடி நீளமுள்ள ஆறு குட்டைத் துண்டுகளை ஒட்டவைத்த ஒன்று. பெரும்பாலான துண்டுகளின் எஃகு எந்தக் குழாய்த் தரத்துக்கும் பொருந்தவில்லை, எங்கிருந்து வந்தவை என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் துண்டின் நீளவாட்டு வெல்டிங் வெளிப்பக்கம் மட்டும் போடப்பட்டிருந்தது, அதுவும் பாதி ஆழத்துக்குத்தான் இறங்கியிருந்தது, உள்பக்கம் வெல்டிங்கே கிடையாது. குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியக்கூடிய குறை இது. 54 வருஷம் அந்தப் பாதி வெல்டிங்தான் தாங்கிக்கொண்டிருந்தது.

சரி, 54 வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்கத் தோன்றும். குழாயில் தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்பதுதான் நீரழுத்தச் சோதனை. குழாய்க்காரர்களின் சொந்தத் தொழில்முறை விதிநூலே 1955-ல் இதைச் சொல்லிவிட்டது, ஆனால் அது கட்டாயம் இல்லை. கலிபோர்னியா 1961-ல் இதைக் கட்டாயமாக்கியது, புதுக் குழாய்களுக்கு மட்டும். மத்திய அரசு 1970-ல் நாடு முழுவதும் கட்டாயமாக்கியது, அதுவும் புதுக் குழாய்களுக்கு மட்டும். பழைய குழாய்களுக்கு ஒரு சலுகை: 1970 ஜூலைக்கு முந்தைய ஐந்து வருஷத்தில் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தில் ஓடியதோ அதையே வரம்பாக வைத்துக்கொள்ளலாம், சோதனை வேண்டாம். அந்த 400 பிஎஸ்ஐ அப்படி வந்ததுதான். 'இதுவரைக்கும் வெடிக்கவில்லை' என்பதையே பாதுகாப்புச் சான்றிதழாக ஏற்றுக்கொண்ட விதி இது. சோதித்திருந்தால் இந்தக் குறை பெரும்பாலும் அன்றே வெளியே வந்திருக்கும் என்று என்டிஎஸ்பி எழுதியது. விதிவிலக்கு கொடுத்த மாநில ஆணையத்தையும் மத்தியப் போக்குவரத்துத் துறையையும் விபத்துக்குத் துணை போன காரணங்களில் பெயர் சொல்லியே சேர்த்தது.

அப்புறம் 2000-ல் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே வேறொரு கம்பெனியின் குழாய் வெடித்து, ஆற்றங்கரையில் முகாமிட்டிருந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2002-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் ஓடும் குழாய்களின் ஆபத்துகளைக் கம்பெனியே கண்டறிந்து, அதற்கேற்ற முறையில் பரிசோதிக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த ஆபத்து, எந்த முறை என்பதையெல்லாம் தீர்மானிப்பது கம்பெனி, அதுவும் தன் கையில் இருக்கும் பதிவேட்டை வைத்து. பதிவேட்டில் சீம்லெஸ் என்று இருக்கிறதா? அப்போ வெல்டிங் பற்றிய கவலை இல்லை, வெளிப்புறத் துரு மட்டும் பார்த்தால் போதும். அதைத்தான் செய்தார்கள். வெளித் துருவைத் தேடும் முறையால் உள்பக்கத்து வெல்டிங் குறையை எந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியாது. இதே 132-ஆம் குழாயில் சில மைல் தள்ளி 1988-ல் நீளவாட்டு வெல்டிங்கில் கசிவு ஏற்பட்டிருக்கிறது, ஆபத்துக் கணக்கு போடும்போது அது கணக்கிலேயே வரவில்லை.

இதைவிட என்னைத் திகைக்க வைத்தது இன்னொன்று. அந்த விதிப்படி, பழைய குழாயில் தயாரிப்புக் குறை இருக்கலாம் என்று இருந்தால், கடந்த ஐந்து வருஷத்தில் இருந்த அழுத்தத்தைத் தாண்டி ஏற்றினால் முறையான சோதனை செய்தாக வேண்டும். அப்படியானால் அழுத்தத்தைக் குறைவாகவே வைத்துக்கொண்டால் என்றைக்காவது ஏற்ற வேண்டி வரும்போது சோதனை செலவு வரும். அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழி, அவ்வப்போது வேண்டுமென்றே அழுத்தத்தை உச்ச வரம்புக்கு ஏற்றி இறக்கி, 'நாங்கள் ஐந்து வருஷத்துக்குள் இந்த அளவுக்கு ஓட்டியிருக்கிறோம்' என்று பதிந்து வைப்பது, காலாவதியாகும் முன் லைசென்ஸைப் புதுப்பிக்கிற மாதிரி. 132-ஆம் குழாயில் 2003 டிசம்பரிலும் 2008 டிசம்பரிலும் இது நடந்தது. பாதி வெல்டிங்கில் நிற்கும் குழாயை, சோதனையிலிருந்து தப்பிப்பதற்காக, வீடுகளுக்கு அடியில் வைத்து முறுக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

இவ்வளவும் நடந்தபோது ஆணையம் என்ன செய்தது? அமெரிக்காவில் மாநிலங்களுக்கு இடையே ஓடும் குழாய்களை பிம்சா என்ற மத்திய அமைப்பு நேரடியாகப் பார்க்கிறது. மாநிலத்துக்கு உள்ளேயே ஓடும் குழாய்களை, மத்திய விதிகளைக் குறைந்தபட்சமாக வைத்து, மாநில ஆணையம் பார்க்கிறது. ஆகவே சான் புரூனோ கலிபோர்னியா ஆணையத்தின் பொறுப்பு. அதன் ஆய்வாளர்கள் ஆடிட் செய்தார்கள், செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் திட்டம் எழுதப்பட்டிருக்கிறதா, படிவம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்களே தவிர, படிவத்தில் இருப்பது உண்மையா என்று பார்க்கவில்லை. தப்பு கண்டுபிடித்தாலும் ஆய்வாளர் கையில் அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. கடிதம் எழுதலாம், பதில் கேட்கலாம். அபராதம் வேண்டுமென்றால் ஐந்து ஆணையர்கள் முன்னால் முறையான விசாரணை நடக்க வேண்டும், அது வருஷக்கணக்கில் இழுக்கும். 2008 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ராஞ்சோ கார்டோவாவில் இதே கம்பெனியின் கசிவால் ஒரு வீடு வெடித்து ஒருவர் இறந்தார். அதற்கான 3.8 கோடி டாலர் அபராதம் வந்தது 2011 டிசம்பரில். நடுவில் சான் புரூனோவே நடந்து முடிந்துவிட்டது.

என்டிஎஸ்பி தன் அறிக்கையை 2011 ஆகஸ்ட் 30-ல் ஏற்றுக்கொண்டது. அப்போதைய தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் கம்பெனியைச் சாடியதோடு நிற்காமல், கம்பெனிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய அரசு அமைப்புகளையும் சேர்த்தே சாடினார். அறிக்கைக்கு முன்பே, 2011 ஜனவரியில், இந்த வாரியம் ஓர் அவசரப் பரிந்துரை விடுத்தது: அழுத்த வரம்புக்கு ஆதாரமாகத் தேடி எடுக்கக்கூடிய, சரிபார்க்கக்கூடிய, முழுமையான ஆவணங்களைக் காட்டுங்கள். அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல பிஜி அண்ட் ஈ, டேலி சிட்டியில் இருக்கும் கவ் பேலஸ் என்ற பெரிய அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, லாரி லாரியாகப் பழைய பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கி, ஆட்களை உட்கார வைத்து இரவும் பகலும் காகிதத்தைத் தேட வேண்டியிருந்தது. இந்தக் கேள்வியை ஆணையம் எந்த வருஷம் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ஒரு பக்கக் கடிதம் போதும். கேட்கவில்லை என்பதுதான் இந்த வழக்கின் மையம் என்பேன், பின்னால் வந்த பெரிய பெரிய அபராதத் தொகைகள் இல்லை.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு ஒரு பாதி விடை 2014-ல் வெளிவந்தது. சான் புரூனோ நகராட்சி பொதுப் பதிவுகளைக் கேட்டு ஆணையத்தின் மேலேயே வழக்குப் போட்டு, ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களை வாங்கியது. கம்பெனியின் உயர் அதிகாரிகளும் ஆணையத்தின் தலைவர் மைக்கேல் பீவியும் அவருடைய ஆட்களும் ரொம்ப நெருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. ஒரு கட்டண வழக்கை எந்த நீதிபதியிடம் ஒதுக்கலாம் என்பதுவரை கம்பெனி ஆலோசனை சொல்லியிருக்கிறது. பீவி ஆணையத்துக்கு வருவதற்கு முன் இன்னொரு பெரிய மின் கம்பெனியான சதர்ன் கலிபோர்னியா எடிசனின் தலைவராக இருந்தவர். கம்பெனி மூன்று அதிகாரிகளை வெளியேற்றியது, பீவி அந்த வருஷக் கடைசியோடு பதவியை விட்டுப் போனார். இந்த மின்னஞ்சல்களை வெளியே கொண்டுவந்தது மத்திய அரசும் இல்லை, மாநில அரசும் இல்லை, எரிந்துபோன ஒரு சின்ன ஊரின் நகராட்சி.

தண்டனைக் கணக்குக்கு வருவோம். 2015 ஏப்ரல் 9-ல் ஆணையம் 160 கோடி டாலர் தண்டம் விதித்தது. இதைக் கேட்டதும் யாரோ 160 கோடிக்கு செக் எழுதிக் கொடுத்த மாதிரி தோன்றும். அப்படி இல்லை. 85 கோடி, கம்பெனி தன் குழாய்களையே சரிசெய்வதற்குப் பங்குதாரர் பணத்திலிருந்து செலவிட வேண்டியது. 40 கோடி, வாடிக்கையாளர்களின் பில்லில் ஒரு தடவை கழிவு. சுமார் 5 கோடி மற்ற சீர்திருத்தங்களுக்கு. அரசு கஜானாவுக்குப் போன அசல் அபராதம் 30 கோடி. ஆனாலும் இதை நான் குறை சொல்ல மாட்டேன். பங்குதாரர் பணம் என்ற ஒரு வார்த்தைதான் இதில் முக்கியம். அது இல்லாவிட்டால் பழுதுபார்க்கும் செலவு அப்படியே பில்லில் ஏறி, கடைசியில் சான் புரூனோக்காரரே கட்டியிருப்பார். அதிலும், 1999-லிருந்து 2010 வரை எரிவாயுக் குழாய்த் தொழிலில் இந்தக் கம்பெனிக்கு அனுமதித்த லாபத்துக்குத் தேவையானதைவிட 43 கோடி டாலர் அதிகமாக வருமானம் வந்திருக்கிறது என்று ஆணையம் அமர்த்திய தணிக்கையாளர்களே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள்.

கிரிமினல் வழக்கு இன்னும் வினோதம். 2014-ல் மத்திய அரசு வழக்குத் தொடர்ந்தது. 2016 ஆகஸ்டில் ஜூரி, குழாய்ப் பாதுகாப்புச் சட்டத்தை மீறிய 5 குற்றங்களிலும் என்டிஎஸ்பி விசாரணைக்கு இடையூறு செய்த குற்றத்திலும் கம்பெனியைக் குற்றவாளி என்றது. அழுத்தம் வரம்பைப் பத்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால்தான் சோதனை என்று கம்பெனி உள்ளுக்குள் ஒரு கொள்கை வைத்திருந்தது. அந்தக் காகிதம் விசாரணையாளர் கைக்குப் போனதும், அது ஒப்புதல் பெறாத வரைவு, தவறுதலாக வந்துவிட்டது என்று கடிதம் எழுதினார்கள். இடையூறு குற்றச்சாட்டு அதில் வந்தது. முதலில் 56.2 கோடி டாலர் வரை அபராதம் கேட்டிருந்த அரசுத் தரப்பு, ஜூரி அறைக்குள் இருக்கும்போதே அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. மிச்சம் இருந்த சட்ட உச்சவரம்பு, குற்றத்துக்கு 5 லட்சம். ஆக 2017 ஜனவரியில் விழுந்த தீர்ப்பு: 30 லட்சம் டாலர் அபராதம், ஐந்து வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 10,000 மணி நேர சமூக சேவை, குற்றவாளி என்று தீர்ப்பானதைத் தங்கள் செலவிலேயே டிவியிலும் நாளிதழிலும் விளம்பரம் செய்ய வேண்டும். தனி மனிதர் ஒருவர் பெயரும் குற்றப்பத்திரிகையில் இல்லை. அந்தக் கண்காணிப்புக் காலத்திலேயே 2018-ல் கம்பெனியின் மின்கம்பியிலிருந்து கேம்ப் ஃபயர் காட்டுத்தீ கிளம்பி பாரடைஸ் என்ற ஊர் சாம்பலானது, 84 பேரின் சாவுக்குக் கம்பெனி 2020-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கம்பெனியை ஜெயிலில் போட முடியாது.

உண்மையில் வேலை செய்தது எது என்று கேட்டால், தலைப்புச் செய்தியில் வராத இரண்டு விஷயங்களைச் சொல்வேன். ஒன்று, 2011 ஜூனில் ஆணையம் போட்ட உத்தரவு. சோதனை ஆதாரம் இல்லாத குழாய் எதுவானாலும் சோதி, இல்லையேல் மாற்று, பழசு என்ற சலுகை கிடையாது. அந்த இலையுதிர் காலத்திலேயே சோதனையின்போது பேக்கர்ஸ்ஃபீல்டு அருகே ஒரு குழாய் வெடித்தது, அடுத்து வுட்சைடில் நெடுஞ்சாலை ஓரமாக இதே 132-ஆம் குழாய் வெடித்து மண் சரிந்தது. இரண்டிலும் உள்ளே இருந்தது வெறும் தண்ணீர். இதற்காகத்தான் சோதனை.

இன்னொன்று, 2011 டிசம்பரில் ஆணையத்தின் பணியாளர்களுக்கே அபராத நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் வந்தது. அடுத்த மாதமே காண்ட்ரா காஸ்டா மாவட்டத்தில் வரைபடத்தில் விட்டுப்போன குழாய்களுக்குக் கசிவுச் சோதனையே செய்யாமல் இருந்ததற்காக சுமார் 1.68 கோடி டாலர் நோட்டீஸ் போனது. அதைக் கம்பெனியே முன்வந்து சொல்லியிருந்தது, ஆனாலும் அபராதம். கொஞ்சம் கடுமைதான். தானாக வந்து சொன்னவனுக்கும் இதே அடி என்றால் அடுத்தவன் வாயைத் திறப்பானா என்ற கேள்வி நியாயமானது, எனக்கே அதில் இரண்டு மனசு. ஆனால் மூன்று வருஷம் கழித்து வரும் பெரிய அபராதத்தைவிட அடுத்த மாதமே வரும் நோட்டீஸுக்குத்தான் ஒரு மேலாளர் பயப்படுவார். அதற்காகப் பதிவேடு உடனே திருந்திவிடவில்லை. 2014 மார்ச்சில் கார்மெல் ஊரில், பழைய குழாய்க்குள் பிளாஸ்டிக் குழாய் செருகியிருந்தது பதிவேட்டில் இல்லாததால், வேலைக்குப் போன குழு தெரியாமல் துளைபோட்டு ஒரு காலி வீடு வெடித்தது. நல்லவேளை யாருக்கும் காயமில்லை.

மத்திய அரசு மெதுவாகத்தான் வந்தது. 2012 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் அபராத உச்சவரம்பை ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் டாலராகவும், தொடர் மீறலுக்கு 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாகவும் உயர்த்தியது. இவ்வளவு பெரிய கம்பெனிக்கு இது பாக்கெட் மணி. தானியங்கி வால்வு விதி 2022-ல்தான் வந்தது, அதுவும் புதிதாகப் போடும் அல்லது மாற்றும் குழாய்களுக்கு மட்டும். 1994-ல் நியூ ஜெர்சியின் எடிசன் நகரத்தில் ஒரு குழாய் வெடித்து, வால்வை மூட இரண்டரை மணி நேரம் ஆன நாளிலிருந்து என்டிஎஸ்பி கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது. 1970-க்கு முந்தைய குழாய்களுக்குத் தந்த சலுகையை முடிவுக்குக் கொண்டுவரும் விதி 2019 அக்டோபரில் வெளியானது. ஆதாரம் இல்லாத குழாய்களின் அழுத்த வரம்பைக் கம்பெனிகள் மறுபடி நிறுவ வேண்டும்: பாதியை 2028-க்குள், மீதியை 2035-க்குள்.